நான் நின்றதாகச் சொல்லப்பட்ட வரிசை

1

என் மனைவி ஜுனைதாவின் அமெரிக்கக் குடியுரிமை மனுவை நிரப்பிக்கொண்டிருந்தோம். வழக்கமான குடிகாரராக எப்போதாவது இருந்ததுண்டா, ஒரே சமயத்தில் ஒருவருக்கு மேல் மணந்திருந்ததுண்டா, யாரையாவது கொடுமைப்படுத்தியதுண்டா என்று வரிசையாகக் கேட்கிறார்கள். ஜுனைதா அடுப்படியிலிருந்தே "இல்ல, இல்ல" என்று சொல்லிக்கொண்டிருக்க, நான் கட்டம் கட்டமாகக் குறி போட்டுக்கொண்டே வந்தேன். 'அமெரிக்காவில் எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்துகொண்டதுண்டா?' என்ற கேள்வியை வாசித்ததும் அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"ஆமான்னே போடுங்க" என்றாள்.

ஆமாம் என்று போட்டால் தனித்தாளில் விளக்கம் இணைக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதி முடித்தேன். சட்டத்துக்கு அது போதும். ஐந்து வரியில் அடங்காத மீதியை ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். நடந்து நான்கு வருஷமாகிறது. அன்றைக்கு எது செய்தி, எது நடந்தது என்று எனக்கு இன்றுவரை குழப்பம்தான்.

2

2004-இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் ரமலான் மாதத்தில் வந்தது. நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் எங்கள் வீடு. இருபது நிமிஷ ஓட்டத்தில் என் ஆபீஸ். தேர்தல் என்றால் இங்கே ஒலிபெருக்கியும் கிடையாது, ஊர்வலமும் கிடையாது. ஆபீஸுக்கு லீவுகூடக் கிடையாது. பள்ளிக்கூடங்களுக்கு மட்டும் லீவு விட்டிருந்தார்கள், எங்கள் மகள் ஹனா வீட்டில் இருந்தாள்.

எனக்கு நோன்பு. ஆபீஸில் மற்றவர்கள் சாப்பிடப் போகும் ஒரு மணி நேரம் எனக்கு மட்டும் சும்மா கிடந்தது. சின்ன மீட்டிங் ரூமில் லுஹர் தொழுதுவிட்டு வந்து, நெட்டில் ஏழு ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஒரே செய்தியை ஏழு இடத்தில் படிப்பது என் பழைய வியாதி. ஏழையும் படித்தால் எங்கேயாவது உண்மை தட்டுப்படும் என்று ஒரு நப்பாசை. ஜுனைதாவுக்கு இது பிடிக்காது. "ஒரு சோத்த ஏழு தட்டுல போட்டுத் திங்கீங்க" என்பாள்.

முதல் இரண்டும் அமெரிக்கத் தொலைக்காட்சிகளின் தளங்கள். இரண்டிலும் பெரிய வரைபடம், எல்லா மாநிலமும் சாம்பல் நிறம். வாக்குப்பதிவு முடிகிறவரை நிறம் தீட்டமாட்டார்களாம். சொல்ல ஒன்றும் இல்லை என்பதையே நிமிஷத்துக்கு ஒரு தரம் புதுப்பித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒன்றில், வரிசைகள் வரலாறு காணாத நீளம் என்று எழுதியிருந்தது. மற்றதில், வாக்குப்பதிவு தடங்கலின்றி விரைவாக நடக்கிறது என்று இருந்தது. இரண்டிலும் ஒரே பள்ளிக்கூடத்தின் படம், வேறு வேறு மூலையிலிருந்து எடுத்தது.

மூன்றாவது ஒரு பிரிட்டிஷ் தளம். குழந்தைக்குச் சோறூட்டுகிற பொறுமையோடு இந்த ஊர்த் தேர்தல் முறையை விளக்கியிருந்தார்கள். அதிக ஓட்டு வாங்கியவர் தோற்கலாம், குறைவாக வாங்கியவர் ஜெயிக்கலாம். அதை மூன்று முறை படித்திருக்கிறேன், இரண்டு பேருக்கு விளக்கியும் இருக்கிறேன். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நான்காவதும் ஐந்தாவதும் இந்திய ஆங்கிலத் தளங்கள். யார் வந்தால் பெங்களூருக்கு நல்லது என்பது மட்டும்தான் அவர்கள் கவலை. ஒரு தளம் இவர் வந்தால் நல்லது என்றது, இன்னொன்று அவர் என்றது. இரண்டிலும் நிபுணர்கள் அடித்துச் சொல்லியிருந்தார்கள்.

ஆறாவது ஒரு தமிழ்த் தளம். அதைத் திறந்தால்தான் எனக்குத் தேர்தல் நடக்கிற மாதிரியே இருந்தது. 'அமெரிக்காவில் விறுவிறுப்பான வாக்குப்பதிவு. பலத்த பாதுகாப்பு. அசம்பாவிதம் ஏதும் இல்லை. முதியவர்களும் பெண்களும் காலை முதலே நீண்ட வரிசையில் காத்திருந்து ஆர்வத்துடன் வாக்களித்தனர்.' ஒரு தொகுதி இடைத்தேர்தலுக்கு எழுதி வைத்ததில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியதுபோல் இருந்தது. கீழே கொட்டை எழுத்தில், 'அமெரிக்கத் தமிழர்கள் உற்சாகம்!' அதற்குக் கீழே ஒரு படம், 'வாக்களிக்கக் காத்திருக்கும் நியூ ஜெர்சி தமிழர்கள்' என்ற விளக்கத்தோடு.

படத்தில் நான்காவது ஆள் நான்.

3

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நானேதான். அந்தக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை என்னுடையது. அந்தக் கோடையில் பூங்காவில் நடந்த தமிழர் பிக்னிக்கில் எடுத்த படம். நாங்கள் நின்றது பிரியாணி வரிசை. கையிலிருந்த பேப்பர் தட்டுகள் தெரியாமல் மார்போடு வெட்டியிருந்தார்கள். வலது ஓரத்தில் பிரியாணி தேக்சாவின் காது மட்டும் தப்பித்து நின்றது. முகத்தில் இருந்த தவிப்பு, கறி தீர்ந்துவிடுமோ என்ற தவிப்பு. நவம்பர் குளிரில் அரைக்கைச் சட்டையோடு எவன் நிற்பான் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்து அந்த வரிசையில் குடியுரிமை உள்ளவர் ஒருவர் இருந்தால் அதிகம். கிரீன் கார்டு கைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்த எனக்கு, இந்த ஊரில் ஓட்டுப் போட இன்னும் எத்தனையோ காலம் கிடந்தது.

தனியாக உட்கார்ந்து சிரித்தேன். உடனே அந்தத் தளத்தின் ஆசிரியருக்கு ஒரு மெயில் எழுத ஆரம்பித்தேன். 'ஐயா, தங்கள் படத்தில் இருப்பது வாக்காளர் வரிசை அல்ல, பிரியாணி வரிசை. அதில் நிற்பவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்ல முடியும்.' எழுதியதை நானே ரசித்து இரண்டு தரம் திருத்தினேன். மேஜை போனில் வாய்ஸ் மெயில் வந்ததற்கான சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஏழாவது, எங்கள் வட்டாரத்துச் சின்னப் பத்திரிகையின் தளம். பார்க்க லட்சணமாக இருக்காது. உதிர்ந்த இலைகளை எந்தத் தெருவில் என்றைக்கு அள்ளுவார்கள், பள்ளிக்கூடத்தில் மதியம் என்ன சாப்பாடு என்பதெல்லாம் அதில்தான் வரும். அன்றைக்கு வாசகர் கேள்விகளுக்குப் பதில் போட்டிருந்தார்கள். வண்டியை எங்கே நிறுத்துவது, நாயைக் கூட்டி வரலாமா என்ற கேள்விகளுக்கு நடுவே ஒன்று: 'நான் குடிமகன் இல்லை. ஆனால் என் பெயருக்கு மாதிரி வாக்குச்சீட்டு தபாலில் வந்திருக்கிறது. போய் வாக்களிக்கலாமா?' பதில்: 'கூடாது. தெரியாமல் செய்தாலும் குற்றம். கிரீன் கார்டு பறிபோகலாம், நாடு கடத்தப்படலாம்.'

எந்த மடையன் இதையெல்லாம் கேட்கிறான் என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவு ஞாபகம் வந்தது. அதில் காந்தம் வைத்து ஒட்டிய ஒரு மடித்த தாள். வந்தபோது பீட்சா கூப்பன்களோடு சேர்த்துக் குப்பையில் போட்டது நான், எடுத்து ஒட்டியது ஜுனைதா. விளம்பரம் என்று நினைத்து அதன் வெள்ளை ஓரத்தில் 'பேரீச்சம்பழம், புதினா, கடலை மாவு' என்று ஐசலினில் இருக்கும் இந்தியக் கடைக்கு லிஸ்ட்கூட எழுதியிருந்தேன். முகவரி இருந்த இடத்தில் ஜுனைதாவின் பெயர் இருந்தது. அதற்கு மேலே என்ன அச்சடித்திருந்தது என்று இப்போதுதான் மனசுக்குள் வாசித்தேன். மாதிரி வாக்குச்சீட்டு.

சிவப்பு விளக்கை அமுக்கினேன்.

"என்னங்க, நான்தான். வாப்பா பிரௌசிங் சென்டர்ல உங்க படத்தப் பாத்தாங்களாம். ஓட்டுப் போட வரிசையில நிக்கீங்களாமே! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தீங்களா. சரி, நானும் ஹனாவக் கூட்டிக்கிட்டு அங்கதான் வாறேன். நில்லுங்க."

வீட்டுக்கு அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு செல்போன், அது அவள் காரில் கிடக்கும். அதுவும் அடித்து ஓய்ந்தது. அவள் பேசி ஒரு மணி நேரம் ஆகப்போகிறது.

4

ஜுனைதாவின் வாப்பாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவள் ஏன் போனாள் என்பது விளங்காது. மாமா மேலப்பாளையத்தில் வாத்தியாராக இருந்தவர். தேர்தலுக்குத் தேர்தல் வாக்குச்சாவடி அதிகாரியாகப் போய், இரண்டு நாள் தூங்காமல், பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு வருவார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் "பட்டியல்ல பேர் இருக்கா, பாத்தீங்களா?" என்றுதான் விசாரிப்பார். நம்ம ஆட்களுக்கு அது ரொம்ப முக்கியம் என்பார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

ஜுனைதாவின் பெயர் பட்டியலில் ஏறிய வருஷமே எங்கள் கல்யாணமும் நடந்தது. பெண் சென்னைக்குப் போய்விட்டாள், இனி இந்தச் சாவடியில் அவளுக்கு ஓட்டு இல்லை என்று மாமாவே விண்ணப்பம் எழுதித் தன் கையால் மகளின் பெயரை எடுத்தார். அவ்வளவு கறார். சென்னையில் நாங்கள் வாடகை வீடு மாறி மாறி எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. பிறகு இங்கே வந்துவிட்டோம். ஊரெல்லாம் ஓட்டுப் போட வைத்தவரின் மகள் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் மாமா "அங்க ஏதும் வழி உண்டாம்மா?" என்று கேட்பார். அவருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

5

வாக்குச்சாவடி எங்கள் பேட்டைத் தீயணைப்பு நிலையம். ரூட் ஒன் சாலையில் எல்லாச் சிவப்பு விளக்கும் எனக்காகவே விழுந்தது. பச்சை விழும்வரை, போட்டிருக்க மாட்டாள் என்று ஒரு தடவையும், போட்டிருப்பாள் என்று ஒரு தடவையும் சொல்லிக்கொண்டேன். என்னிடம் ஏழு தளம் இருந்து என்ன, இந்த ஒரு செய்தியைச் சொல்ல ஒன்றுகூட இல்லை. அழுகை வந்தது. ஒளிப்பானேன், அழுதேன்.

தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மேஜை போட்டிருந்தார்கள். வரிசை வாசல்வரை நின்றது. அதில் ஜுனைதா இல்லை. அதாவது, முடித்துவிட்டாள். அந்த நேரத்தில் என் மகள் ஹனா என்னைப் பார்த்து ஓடி வந்தாள். ஒன்பது வயது. சட்டையில் வட்டமாக ஒரு ஸ்டிக்கர், 'நான் வாக்களித்துவிட்டேன்' என்று ஆங்கிலத்தில்.

"உம்மா எங்க? இத யாரு தந்தா?"

"தட் லேடி." மேஜைக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்காரப் பாட்டியைக் காட்டினாள். "வீ வெயிட்டட் சோ லாங், ஸோ ஷி கேவ் மீ ஒன்."

"உம்மா ஓட்டுப் போட்டாச்சா?"

"ஐ டோன்ட் நோ வாட் உம்மா இஸ் டூயிங், வாப்பா. ஷி கீப்ஸ் லுக்கிங் ஃபார் யூ."

ஜுனைதா தீயணைப்பு வண்டிக்குப் பின்னாலிருந்து வந்தாள். முகத்தில் கோபம்.

"எங்க போனீங்க? இந்த வரிசைய மூணு தடவ முன்னாலயும் பின்னாலயும் பாத்தாச்சி. அந்தம்மா ரெண்டு தடவ உள்ள கூப்பிட்டாங்க. எம் புருஷன் வரிசைல நிக்காங்க, அவங்களோட சேந்து வாறேன்னு சொல்லிட்டேன். அவங்க உங்களத் தேட ஆள் அனுப்பாத கொறதான்."

"அப்ப நீ போடல?"

"எப்படிப் போட? மொத ஓட்டு, தனியாப் போக என்னமோ மாதிரி இருந்துச்சி."

அந்தச் சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எந்தப் பொய்ப் படம் அவளை இங்கே அனுப்பியதோ, அதே படம்தான் அவளை உள்ளே போகவிடாமலும் நிறுத்தியிருந்தது. அந்த ஆசிரியரைத் திட்டுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

காருக்குள் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். பயப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பயப்படவில்லை.

"அப்ப எதுக்குப் பேரச் சேத்தாங்க?"

"நீ எப்படிச் சேத்த? அதச் சொல்லு."

"லைசென்ஸ் எடுக்கப் போனேன்லா, அங்க. நாலஞ்சு தாள் தந்து, குறி போட்ட எடத்துல எல்லாம் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. ஓட்டர் லிஸ்ட்ல பேர் சேக்கவான்னும் கேட்டாங்க. வேண்டாம்னு யாராச்சும் சொல்லுவாங்களா? உங்கள்ட்டயும் வந்து சொன்னேன். நீங்க நெட்ல இருந்தீங்க. சரி சரின்னீங்க."

சரி சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

கண்ணாடிக்கு வெளியே அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்கயும் இல்ல, இங்கயும் இல்லன்னா, நான் எந்தப் பட்டியல்லதாங்க இருக்கேன்?" என்றாள். ஹனா பின் சீட்டில் ஸ்டிக்கரைச் சட்டையிலிருந்து உரித்து முழங்காலில் ஒட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் மூன்று பேரில் என்றைக்காவது இந்த ஊரில் சந்தேகமில்லாமல் ஓட்டுப் போடப்போகிறவள் இங்கேயே பிறந்த அவள் ஒருத்திதான்.

6

வீட்டுக்கு வந்ததும் தேர்தல் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் டைப் பண்ணினேன். தவறுதலாகப் பதிவாகிவிட்டது, நான் குடிமகள் இல்லை, வாக்களிக்கவில்லை, என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஜுனைதா ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். ஒரு தடவை அவள் வாப்பா எடுத்த பெயரை இந்தத் தடவை அவளே எடுத்தாள். கடிதத்தை உறையில் போடும்போது அவள் கண்ணைத் துடைத்ததைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பொழுது சாயும் நேரம். எங்களுக்கு நோன்பு திறக்கும் நேரம் ஊரில் நோன்பு பிடிக்கும் ஸஹர் நேரம். கஞ்சியை இறக்கி வைத்தபோது போன் ஒரே ஒரு தரம் அடித்து நின்றது. மாமாவின் மிஸ்டு கால். கூப்பிடச் சொல்கிறார் என்று அர்த்தம். ஜுனைதா கஞ்சியைக் கிண்ணங்களில் ஊற்றினாள். இன்னொரு தரம் அடித்து நின்றது.

"கூப்பிடேன். பாவம், முழிச்சிருக்காங்க."

"நோன்பு தொறந்த பெறவு கூப்பிடுதேன்."

இன்னும் ஆறு நிமிஷம் இருந்தது. ஏன் காத்திருக்கிறாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. கம்ப்யூட்டரில் பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, துஆ ஓதி முடித்துவிட்டு, காலிங் கார்டை எடுத்து அத்தனை எண்களையும் நிதானமாக அமுக்கினாள். ஸ்பீக்கரில் மாமாவின் குரல் வந்தது.

"ஏம்மா, ஓட்டுப் போட்டாச்சா?"

"போட்டாச்சி வாப்பா." நோன்பு வாயால் பொய் சொல்லக் கூடாது என்றுதான் அந்த ஆறு நிமிஷமும் காத்திருந்திருக்கிறாள்.

"மாப்பிள்ளையும் கூட நின்னாங்களா?"

"கூடத்தான் நின்னாங்க. வரிசதான் ரொம்ப நீளம்."

"அல்ஹம்துலில்லாஹ். படத்துல மாப்பிள்ள முகத்தப் பாத்தேன், எவ்வளவு அக்கறையா நிக்காங்க! பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன். சுபுஹுக்குப் போறப்ப பள்ளிவாசல்ல காட்டணும். வெரல்ல மை நல்லா வச்சாங்களா?"

"இங்க மை வைக்க மாட்டாங்க வாப்பா."

"மை வைக்காம எப்படிம்மா நம்புறது?"

ஹனாவுக்குத் தமிழ் பேச வராதே தவிர எல்லாம் விளங்கும். கஞ்சிக் கிண்ணத்திலிருந்து நிமிர்ந்து, "பட் யூ டிடின்ட்!" என்றாள். உதட்டில் விரல் வைத்து அவளை அடக்கியது நான்தான். ஒரு செய்தியை ஏழு இடத்தில் சரிபார்க்கிற அதே ஆள்.

போனில் மாமாவின் குரல் கரகரத்தது. "ஒம் பேர நான்தானம்மா எடுத்தேன். அது மனசுல கெடந்துச்சி. இன்னைக்குத்தான் எறங்கிச்சி." ஜுனைதா போனைத் துப்பட்டாவோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஆபீஸில் கம்ப்யூட்டரைத் திறந்தபோது, ஆசிரியருக்கு எழுதிய மெயில் அனுப்பாமல் அப்படியே கிடந்தது. ஒரு தரம் படித்துவிட்டு அழித்தேன். பொய் சொல்லும் செய்தியைத் திருத்துவது சரியா, தவறா என்று அதற்குமுன் ஒருநாளும் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை.

7

இது இப்போது, 2008. மறுபடியும் தேர்தல் வருகிறது. மறுபடியும் ஏழு ஜன்னல் திறக்கிறேன், வரைபடம் மறுபடியும் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. மாமா நல்லபடியாக இருக்கிறார். அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாராம். போனவர்கள் சொல்கிறார்கள், தேக்சாவின் காதும் தெளிவாகத் தெரிகிறதாம்.

ஜுனைதாவின் மனுவை முடித்துவிட்டேன். பதிவு செய்ததுண்டா என்பதற்கு ஆமாம். வாக்களித்ததுண்டா என்பதற்கு இல்லை. விளக்கம் இணைப்பில். கையெழுத்துப் போடும் முன் எல்லாப் பக்கத்தையும் அவள் பொறுமையாகப் படித்தாள்.

"இது கெடச்சா அடுத்த தேர்தலுக்கு நீ நெஜமாவே போடலாம்" என்றேன். "மாமாவுக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கும்."

பேனாவை மூடிக் கீழே வைத்தாள்.

"அவங்கள்ட்ட எப்படிச் சொல்றது? நான்தான் ஏற்கனவே போட்டுட்டேனே" என்றாள்.